மெத்தை பிரட்டிவிடாது

போன கிழமை முகநூலில் ஒரு படம் கண்ணில் பட்டது. தென்மராட்சிப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தை. நடுவில் கட்டில், கட்டிலில் ஒரு வயதான அம்மா. அவ கமராவைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறா. கட்டிலைச் சுற்றி ஒன்பது பேர். ஒன்பது பேரும் சேர்ந்து ஒரே ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பெட்டிக்குள் வோட்டர் பெட், எங்கட சனம் சொல்லுற தண்ணி மெத்தை. வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் தன் தாயின் நினைவாக வாங்கிக் கொடுத்தது. கீழே கும்பிடு போட்டவர்களை எண்ணி முடியாது.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஆம்பிளையள். அந்த அம்மாவை ஒருநாளாவது பக்கவாட்டில் பிரட்டிப் படுக்க வைத்தவர்கள் அதில் எத்தனை பேர்?

தண்ணி மெத்தை குடுக்கிறதை நிப்பாட்டுங்கோ என்று சொல்ல நான் வரவில்லை. அதைக் குடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோமே, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். இதில் "நாங்கள்" என்று எழுதுவது மரியாதைக்கு இல்லை. எங்கட வீட்டிலும் இதுதான் நடந்தது.

2022 மார்ச்சில் அம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துபோச்சு. ஆஸ்பத்திரியால் துண்டு வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த நேரம் நாட்டு நிலைமை உங்களுக்கு நினைவிருக்கும். பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, அந்த மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. காற்று மாறி மாறி அடிக்கிற எயார் மெற்றஸ்தான் நல்லது என்று சொன்னார்கள். கரண்ட் இல்லாத ஊரில் அது வெறும் பிளாஸ்ரிக் சீலை. அதனால் கனடாவில் இருக்கிற மாமா காசு அனுப்ப, தண்ணி மெத்தை வாங்கினோம்.

மோட்டர் ஓடாததால் கிணற்றில் அள்ளி, வாளி வாளியாகப் புனலால் ஊற்றினோம். நானும் அப்பாவும்தான். நல்லாய் நிரப்பினால் நல்லாய் மெதுமெதுவென்று இருக்கும் என்று நினைத்து, மேளம் மாதிரி விம்மி வரும் மட்டும் ஊற்றினோம். மாமா வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு "சோக்காய் இருக்கு" என்றார். அம்மா அதுவரை இரவில் எழும்பி எழும்பி அம்மம்மாவைப் பிரட்டிக்கொண்டு இருந்தவ. மெத்தை வந்த அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து அம்மாவுக்குச் சொன்னோம்: "இனிப் பிரட்டத் தேவையில்லை, நீங்கள் படுங்கோ." அம்மா படுத்தா. பாவம், ஒரு மாதமாய் நித்திரை இல்லாத மனுசி.

மே மாதம் நாரிக்குக் கீழே தோல் சிவந்தது. பிறகு கறுத்தது. பிறகு எலும்பு தெரிந்தது.

எங்கட ஒழுங்கையில் இளைப்பாறிய தாதி ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் மிஸ்தான். வந்து மெத்தையை உள்ளங்கையால் ஒரு தடவை அமத்தினார். "பிள்ளை, இது மெத்தையே? உரல்." பிறகு மூடியைத் திறந்து ஒன்றரை வாளிக்கு மேலே தண்ணியை வெளியே விட்டார். மெத்தைக்குக் கீழே, நாரி வருகிற இடத்தில் கையை மலர்த்தி வைத்துப் பார்க்கச் சொன்னார். எலும்பு கையில் இடிக்கிற மாதிரி இருந்தால் தண்ணி காணாது. மேலே தோல் இழுபட்டு நின்றால் தண்ணி கூடிப்போச்சு. இந்த இரண்டு வசனம் பெட்டிக்குள் இருந்த ஆங்கிலத் தாளில் எங்கோ இருந்திருக்கும். நாங்கள் வாசிக்கவில்லை. அந்தப் படத்தில் நின்ற ஒன்பது பேரும் வாசித்திருப்பார்களா?

இது ஏன் இப்படி வேலை செய்கிறது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். தேடப் போனால் இந்த மெத்தைக்கே ஒரு வரலாறு இருக்கிறது.

1832இல் நீல் ஆர்னட் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர், நீண்ட நாள் நோயில் படுத்து உடம்பெல்லாம் புண் வந்த ஒரு பெண்ணுக்காக இதைச் செய்தார். தொட்டி ஒன்றில் தண்ணீர். அதற்கு மேலே இறப்பர் பூசிய துணி. அதற்கு மேலே மெல்லிய மெத்தை. முக்கியம் என்னவென்றால், துணியை அவர் இழுத்துக் கட்டவில்லை, தளர்வாக விட்டார். உடம்பு கொஞ்சம் தாழ வேண்டும். அப்போதுதான் தண்ணீர் எல்லாப் பக்கமும் வந்து தாங்கும். பலகையில் படுத்தால் எங்கட பாரம் முழுக்க வால் எலும்பு, இடுப்பு, தோள், குதிக்கால் என்று நாலைந்து இடத்தில் நிற்கும். தோலுக்குக் கீழே ஓடுகிற மயிர்த்துளைக் குழாய்களுக்குள் இரத்த அமுக்கம் ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் இரசம். அதற்கு மேலே வெளியிலிருந்து அமுக்கம் வந்தால் குழாய் நசியும், இரத்தம் போகாது, தசை செத்துப்போகும். சுகதேகி நித்திரையிலும் தன்னை அறியாமல் திரும்புவான். பாரிசவாதக்காரருக்கும் முள்ளந்தண்டு அடிபட்டவருக்கும் திரும்ப ஏலாது, நோவும் தெரியாது. படுக்கைப் புண் அவ்வளவுதான். அழுக்கால் வருகிற வியாதி இல்லை, ஆரும் சூனியம் வைக்கவும் இல்லை.

ஆர்னட் இதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. ஆர் வேண்டுமென்றாலும் செய்யலாம் என்று விட்டுவிட்டார். இது எனக்குப் பிடித்த பகுதி. (அந்தக் காலத்து இறப்பர் தென்னமெரிக்காவால் வந்தது. 1876இல்தான் கியூ தோட்டத்திலிருந்து கன்றுகள் கம்பஹாவுக்குப் பக்கத்திலுள்ள ஹெனரத்கொடைக்கு வந்தன. அதற்குப் பிறகு இந்த நாட்டு இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டினவர்களில் எத்தனையோ பேர் தமிழ்ப் பெண்கள். அவர்களுக்கு ஆர் மெத்தை குடுத்தது என்பது இன்னொரு கட்டுரை.)

ஆங்கில இலக்கியம் படிக்கிற தோழி ஒருத்தி ஒரு தகவல் சொன்னா. எலிசபெத் காஸ்கெலின் 'நோர்த் அண்ட் சவுத்' நாவல் 1854, 55இல் தொடராக வந்தது. அதில் கதாநாயகி மாகரட், நோயாளித் தாய்க்காகத் தண்ணி மெத்தை இரவல் வாங்க மில் முதலாளி வீட்டுக்குப் போகிறாள். அன்றைக்குத்தான் வேலைநிறுத்தக்காரர் அந்த வீட்டை முற்றுகையிடுகிறார்கள். விரிவுரையில் கலவரத்தைப் பற்றியும் காதலைப் பற்றியும் நிறையக் கதைத்தார்களாம். மெத்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் அந்தச் சமூகம் முழுக்க அந்த ஒரு பொருளில் தெரிகிறது: மெத்தை முதலாளி வீட்டில் இருக்கிறது, இரவல் கேட்கப் போகிறவள் மகள்.

மகன் போன மாதிரி ஒரு கதை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

பிறகு அமெரிக்கா. 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் சார்ல்ஸ் ஹோல் என்ற பல்கலைக்கழக மாணவன், எங்கட வயதுக்காரன்தான், வடிவமைப்புப் படிப்புக்கான செயற்றிட்டமாக ஒன்றைச் செய்யத் தொடங்கினான். முதலில் சோளமாக் களியை அடைத்து ஒரு கதிரை. சரிவரவில்லை. பிறகு ஜெலி. அதுவும் சரிவரவில்லை. கடைசியில் தண்ணி. வினைல் பை, சூடாக்க ஒரு ஹீற்றர். 1971இல் காப்புரிமை. 'பிளேபோய்' சஞ்சிகை நடத்திய ஹியூ ஹெஃப்னர் வாங்கினார். அதுவரை நோயாளிக்கு என்று இருந்த மெத்தை காதலருக்கான மெத்தையாக மாறிப்போனது. 1980களில் அமெரிக்காவில் விற்ற மெத்தைகளில் ஐந்தில் ஒன்று அளவுக்கு இதுதான். பிறகு ஒழுக்கு, பாரம், நிரப்பி இறைக்கிற கரைச்சல், வீட்டுச் சொந்தக்காரர் போட்ட தடை என்று சனம் கைவிட்டது.

இதில் பெரிசாய்க் கோபப்பட எதுவும் இல்லை. படுக்கிறவர் சுகமாய்ப் படுக்கட்டும். ஆனால் ஒரு எண்ணம் அந்த விளம்பரங்களோடு உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது: மெத்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், நீ படுத்தால் போதும். தானாகத் திரும்புகிறவனுக்கு அது சரி. எங்கட அம்மம்மாவுக்கு அதே எண்ணத்தைப் போட்டோம்.

உண்மையில் படுக்கைப் புண்ணை வென்ற கதை வேறொரு இடத்தில் நடந்தது. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் முள்ளந்தண்டு அடிபட்ட படைவீரருக்கு ஒரு பிரிவு தொடங்கினார்கள். பொறுப்பாக இருந்தவர் லுட்விக் குட்மன், நாசிகளுக்குத் தப்பி ஓடிவந்த யூத வைத்தியர். அகதி. அதுவரை அப்படி அடிபட்டவர்கள் பெரும்பாலும் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்துப்போனார்கள். குட்மன் புது மெத்தை ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், இரவு பகல் என்றில்லாமல், ஒவ்வொருவரையும் பிரட்டச் சொன்னார். பிரட்டுகிறார்களா என்று நடு இராத்திரியிலும் போய்ப் பார்த்தார். ஆட்கள் தப்பினார்கள். அதே ஆஸ்பத்திரி முற்றத்தில் 1948இல் அவர்கள் அம்பெய்து விளையாடினார்கள், அதுதான் வளர்ந்து பராலிம்பிக் ஆனது. 1962இல் டொரீன் நோர்ட்டன் என்ற தாதி, வயோதிப நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வும் கையைத்தான் காட்டியது: ஒழுங்காகப் பிரட்டு.

நல்ல மெத்தை இருந்தால் அந்த இரண்டு மணித்தியாலத்தை மூன்று, நாலு ஆக்கலாம் என்று பிந்திய ஆய்வுகள் காட்டுகின்றன. அதை நான் மறைக்கவில்லை. அம்மாவுக்கு இரவில் நாலு மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை என்றால் அது சின்ன விசயமா? மெத்தையின் பெறுமதி அங்கேதான் இருக்கிறது. இடைவெளியை நீட்டும், கையை ஓய்வெடுக்க விடும். ஆனால் கைக்குப் பதிலாக வந்து நிற்காது.

எங்கட ஊரில் மெத்தை இல்லாத வீட்டில் என்ன செய்கிறோம்? சைக்கிள் ரியூப்பை வட்டமாகக் கட்டி நாரிக்குக் கீழே வைக்கிறோம். கையுறைக்குள் தண்ணி நிரப்பிக் குதிக்காலுக்குக் கீழே வைக்கிறோம். இரண்டுமே பிழை. வளையம் சுற்றியுள்ள தோலை அமத்தி நடுவுக்கு இரத்தம் போகாமல் பண்ணும், கையுறை அந்தச் சின்ன இடத்தில் பாரத்தைத் தாங்காது. கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக் குதிக்காலை அந்தரத்தில் விட்டால் போதும், செலவே இல்லை. இதைச் சொல்லிக்குடுக்கப் பத்து நிமிசம் காணும். ஆனால் பத்து நிமிசம் சொல்லிக்குடுத்ததைப் படம் பிடித்துப் போட்டால் ஆர் கும்பிடு போடுவான்?

மேயிலிருந்து நவம்பரில் அம்மம்மா போகும் மட்டும் அம்மா பிரட்டினா. நாளுக்குப் பன்னிரண்டு தரம். ஆறு மாதக் கணக்கில் 2000க்கு மேலே. அப்பாவுக்கு நாரிப்பிடிப்பு. நான் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த காலம் அது. வெட்கத்தோடு சொல்லுறன், முழுநாளும் போனோடுதான் கிடந்தேன். நான் பிரட்டினது இரண்டு கை விரலுக்குள் எண்ணலாம். பிறகு கம்பஸ் வந்து முதலாம் வருசத்தில் பெண்களின் ஊதியமில்லாத உழைப்பைப் பற்றி ஒப்படை எழுதினேன். நல்ல புள்ளி போட்டார்கள். அம்மாவுக்குக் காட்டவில்லை.

நான் ஏன் பிரட்டவில்லை? அப்போது கைவசம் ஒரு நியாயம் இருந்தது. "பொம்பிளையின்ர உடம்பு, ஆம்பிளைப் பிள்ளை எப்பிடித் தொடுறது?" ஊரே அதை ஒத்துக்கொள்ளும். அம்மம்மாவும் ஒத்துக்கொண்டிருப்பா. அந்தக் கூச்சத்தை நான் பகிடி பண்ணவில்லை, அது அவவின்ர மானம். ஆனால் பழைய வேட்டி ஒன்றை நாலாய் மடித்துத் தோளிலிருந்து தொடை வரைக்கும் கீழே போட்டால், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் சீலையைப் பிடித்து உடம்பைத் தொடாமலே பக்கத்துக்குத் திருப்பலாம். இழுக்கிறதும் சீலைதான், தோல் உரசுப்படாது. மிஸ் அதையும் காட்டித் தந்தவ. அதற்குப் பிறகும் நான் இரவில் எழும்பவில்லை. ஆகவே கூச்சம் காரணம் இல்லை. நித்திரைதான் காரணம். என்னுடைய நித்திரை அம்மாவின்ர நித்திரையை விடப் பெறுமதி என்று வீட்டில் ஒருத்தரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மாமாவையும் முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டு வேலை செய்து அனுப்பின காசு. ஆனால் அவர் கோல் எடுத்துக் கேட்கிற முதல் கேள்வி "மெத்தை எப்பிடி இருக்கு?" என்பது. மாமி ரொறன்ரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஒருநாள் அவ போனை வாங்கி, "மச்சாள், மெத்தை இருந்தாலும் பிரட்டோணும். இஞ்ச எங்களுக்கு மணி போட்டுக் கையெழுத்து வைக்கோணும்" என்றா. புண் வந்து மூன்று கிழமைக்குப் பிறகு.

இதை யோசித்துப் பாருங்கோ. லண்டனிலும் கனடாவிலும் எங்கட பெண்கள் எத்தனையோ பேர் கெயார் ஹோம்களில் வெள்ளைக்காரக் கிழவிகளைப் பிரட்டுகிறார்கள். அதற்குப் பயிற்சி உண்டு, மணித்தியாலச் சம்பளம் உண்டு, லீவு உண்டு. அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு மெத்தையாக மாறி இங்கே வருகிறது. இங்கே அதே வேலையைச் செய்கிற அம்மாவுக்குப் பயிற்சி இல்லை, சம்பளம் இல்லை, லீவு இல்லை. "பாசம்" என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறது. பாசத்தால் செய்யிற வேலைக்குக் காசு குடுத்தால் கேவலம் என்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: மெத்தைக் கடைக்காரருக்கு மட்டும் ஏன் காசு குடுத்தீர்கள்?

முன்னைய காலத்தில் எல்லாம் நல்லாய் இருந்தது என்றும் கதை விட வேண்டாம். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் இந்தப் பக்கம் வந்தபோது, எங்கட விறாந்தையில் மூன்று குடும்பம் இருந்ததாம். சைக்கிள் கரியரில் கொண்டுவந்த ஒரு படுக்கைக் கிழவனை அவரின்ர மகளோடு சேர்ந்து அம்மம்மாதான் முறைவைத்துப் பிரட்டினவ. சாக்கும் பாயும் வாழையிலையும்தான் மெத்தை. "புண் வரேல்ல மோனை" என்று பெருமையாய்ச் சொல்லுவா. அதைப் பிள்ளையளுக்குச் சொல்லும்போது எல்லாரும் தமிழரின் விருந்தோம்பல் என்கிறார்கள். இரண்டு பெண்களின் நித்திரை என்று ஒருத்தரும் சொல்லுறதில்லை. பிரட்டின கை கடைசியில் தான் பிரட்டப்படாமல் கிடந்தது.

வன்னியில் முள்ளந்தண்டு அடிபட்ட சனம் இதை எங்களை விட முந்தியே விளங்கிக்கொண்டது. மாங்குளத்தில் உயிரிழை என்ற அமைப்பை முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து நடத்துகிறார்கள். அவர்களிடம் போய் "என்ன வேணும்" என்று கேட்டால் மெத்தையும் சொல்லுவார்கள், பராமரிக்க ஆளும் சொல்லுவார்கள். நாங்கள் முதலாவதை மட்டும் காதில் போட்டுக்கொண்டு வருகிறோம். ஏனென்றால் ஆளைப் பெட்டியில் போட்டு ஒன்பது பேர் பிடிக்க ஏலாது.

அதனால் காசு அனுப்புகிறவர்களுக்கு: மெத்தை வாங்குங்கோ. அதே அளவு காசை ஒதுக்கி, வீட்டில் பிரட்டுகிற பெண்ணுக்குக் கிழமையில் நாலு இரவு நித்திரை கிடைக்கிற மாதிரி ஓர் ஆளைச் சம்பளத்துக்குப் போடுங்கோ. அவளின்ர படத்தையும் நோயாளியின்ர படத்தையும் போட வேண்டாம். சனசமூக நிலையங்களுக்கு: செத்தவீட்டுக்குப் பந்தலும் கதிரையும் இரவல் குடுக்கிற எங்களிடம், ஆள் உயிரோடு இருக்கும்போது குடுக்க ஒரு மெத்தை இல்லை. இரண்டு மெத்தை வாங்கிக் கொப்பியில் எழுதி இரவல் குடுங்கோ. கொண்டுபோகிறவன் எவ்வளவு தண்ணி, எங்கே கை வைத்துப் பார்க்கிறது, சீலையை எப்படி மடிக்கிறது என்று செய்து காட்டிவிட்டுத்தான் கொண்டுபோகலாம் என்று வையுங்கோ. செய்து காட்டுகிறவன் வீட்டு ஆம்பிளையாய் இருக்கட்டும். கிரிக்கெட் மட்சுக்கு இரவு இரண்டு மணிக்கு எலாம் வைக்கிற எங்களுக்கு இது ஏலாது என்று ஆரும் சொல்ல வேண்டாம்.

எங்கட மெத்தை இரண்டு வருசமாய்ப் பரணில் சுருட்டிக் கிடந்தது. போன மாதம் இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீட்டில் கேட்டார்கள். அந்த அண்ணையின்ர அம்மா விழுந்து இடுப்பு முறிஞ்சு படுக்கை. மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். நாலு இடத்தில் ஒட்டுப் போட்டு, அரைவாசிக்குக் கொஞ்சம் கூடத் தண்ணி விட்டு, அண்ணையின்ர கையைப் பிடித்து மெத்தைக்குக் கீழே வைத்துக் காட்டினேன். வேட்டியை மடித்தோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"அப்ப இரவிலயும் பிரட்டோணுமோ தம்பி?"

"ஓம் அண்ணை. பத்துக்கு ஒருக்கால், ரெண்டுக்கு ஒருக்கால், விடிய ஒருக்கால்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, ரெண்டு மணிக்கு நான் எழும்பிறன்."

குசினிக்குள் இருந்து அக்கா சிரித்த சத்தம் கேட்டது.